நீலப் பூட்டுப் படம்

அக்காவின் மில் விஷயத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாமக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் அக்காவுக்கு வேலை. தங்கலும் அங்கேயே விடுதியில். அங்கிருந்த சூப்பர்வைசர் பெண்கள் மேல் கை வைக்கிறவன். என்றைக்கு, யாரிடம், என்ன செய்தான் என்று அக்காவும் இன்னும் ஆறு பெண்களும் எழுதிச் சேர்த்து, கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுப்பதாக இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் எழுதப் பயம். அவன் நினைத்தால் யார் போனையும் பிடுங்கிப் பார்ப்பான்.

லீவுக்குப் பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் கேட்டாள். "சாமி, நீ கம்ப்யூட்டர் வேலை பாக்கறவன்தான? யாரும் படிக்க முடியாத மாதிரி எங்களுக்கு ஒண்ணு பண்ணிக் குடு."

சும்மா இருப்பேனா? பத்து நாள் அதே வேலையாகத் திரிந்தேன். ஒரு செயலி போன் நம்பர் கேட்டது, வேண்டாம் என்றேன். இன்னொன்றில் செய்திகள் பூட்டில்லாமல் கிடந்தன, தள்ளினேன். மூன்றாவதுதான் சரிப்பட்டது. அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், சர்வரை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், நானே நினைத்தாலும் அவர்கள் எழுதுவதைப் படிக்க முடியாது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அலமாரி மேல் வைத்து, இன்வெர்ட்டரில் இணைத்து ஓடவிட்டேன். அக்கா போனில் நானே ஏற்றினேன், மற்ற ஆறு பேருக்கும் வழி சொல்லி அவர்கள் போனிலும் செயலியை ஏற்றவைத்தேன். அதற்கு நீலப் பூட்டுப் படம்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வேற யார் போன்லயும் இல்லியேடா. என்னதுன்னு கேட்டா?"

"பூட்டைப் பாத்துட்டு அவன் என்னத்தப் புடுங்குவான்? உள்ள ஒரு எழுத்துப் படிக்க முடியாதுக்கா. நீ நூல் ஓட்டற வேலையைப் பாரு, இதை எங்கிட்ட உடு."

அக்கா போனைப் பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினாள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

இரண்டு மாதம் எழுதினார்கள். மனுக் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது, அந்த ஏழு பேரில் சின்னவளின் போனை அவன் பிடுங்கினான். நீலப் பூட்டைத் தொட்டான், கடவுச்சொல் கேட்டது. அறை விழுந்தும் அவள் சொல்லவில்லை. அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் ஷிப்டு மாறும்போது எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, போனின் முகப்பை மட்டும் காட்டச் சொன்னான். அத்தனை பேரில் நீலப் பூட்டு இருந்தது ஏழே பேரிடம். என்ன எழுதினார்கள் என்பது அவனுக்கு எதற்கு? யார் யார் என்று தெரிந்தால் போதாதா? நான்தான் ஏழு பேருக்கும் அடையாளம் குத்தி அனுப்பியிருந்தேனே, பாவி!

போன்களை வாங்கி மொத்தமாக அழித்துவிட்டுக் கொடுத்தான். பெற்றவர்களைக் கூப்பிட்டு, "உங்க புள்ள யார்கிட்டயோ திருட்டுத்தனமாப் பேசுதுங்க" என்று சொல்லி அன்றைக்கே ஊருக்கு அனுப்பினான். தம்மம்பட்டியிலிருந்து வந்திருந்த அந்தச் சின்னவளுக்கு அந்த வாரமே மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். மனுவில் கையெழுத்துப் போட ஒருத்தியும் வரவில்லை.

அக்கா பெட்டியோடு வந்தவள், அலமாரி மேல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"நாங்க எழுதுனதெல்லாம் இதுல இருக்குதா சாமி?"

"இருக்குதுக்கா. ஆனா சாவி உங்க போன்லதான் இருந்துச்சு. இனி தொறக்க முடியாது."

"அப்ப நீ சொன்னது நெசந்தான்," என்றாள். "ஒருத்தரும் படிக்க முடியாது."