ராங்க் கார்டில் என் கட்டைவிரல்

பேனா மையைத் துணியில் நனைத்துக் கட்டைவிரலில் தடவும்போது வரும் குளிர்ச்சியும், அது காய்ந்தபின் தோல் இறுகுவதும் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன. மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லின்மேல் ராங்க் கார்டை விரித்துவைத்து, "அமுக்குடா, அசையாத, நைனாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் காலி" என்றான் பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் அண்ணன். அரையாண்டில் அவனுக்கு நான்கு பாடத்தில் சிவப்புக் கோடு. அவன் விரலிலேயே மை இருந்தால் வகுப்பில் மாட்டிக்கொள்வான் என்றுதான் என்னுடையதைக் கேட்டான்.

தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றிய அப்பாவுக்குக் கையெழுத்து வராது. பெற்றோர் கட்டத்தில் "கைநாட்டு"தான். "ஒருத்தன் மேல ஏறிட்டான்னா, கீழ கீறவனக் கை குடுத்துத் தூக்கிப்பான்" என்று சொல்லி, என்னை அந்த வருஷம்தான் ஐந்தாவதோடு நிறுத்தியிருந்தார். அண்ணன் பாஸானால்தான் எனக்கும் ஏதோ உண்டு என்று நம்பிய நான் அமுக்கினேன்.

காலாண்டுக் கட்டத்தில் இருந்த அப்பாவின் ரேகைக்குக் கீழே என்னுடையது பாதிதான் இருந்தது. வகுப்பு வாத்தியார், "உங்கப்பா வெரலு மூணு மாசத்துல எளச்சிப்போச்சாடா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு, அவரை அழைத்துவரச் சொல்லிவிட்டார். வீட்டில் அண்ணன் "சார் கூப்ட்டாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அப்பா அரைநாள் வேலையை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வாத்தியார்கள் அறைக்குப் போனார்.

மார்க்கைப் படிக்கத் தெரியாத அவர், அந்தச் சின்ன ரேகையைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"என்துதான் சார்" என்றார்.

பொய் சொன்னால் சோறு இறங்காது என்று சொல்லி எங்களை வளர்த்தவர். வாத்தியார் மை அட்டையை அவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப இன்னொரு தபா வை, பாப்போம்."

கயிறு அறுத்த தழும்போடு அகலமாக விழுந்தது அப்பாவின் விரல். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். நான்தான் வைத்தேன் என்று சொல்ல நாக்குவரை வந்தும், கையை டிராயர் பைக்குள் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

வாத்தியார் மன்னித்துத்தான் அனுப்பினார். அண்ணன்தான் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. "அவமானம் எனக்குடா, உனக்கு இன்னா? போடா" என்று அப்பா கெஞ்சியும் பார்த்தார், அடித்தும் பார்த்தார். பொதுத் தேர்வு நடந்த நாட்களில் அவன் அவரோடு லாரியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

இப்போது என் மகளின் மார்க் போனுக்கே வந்துவிடுகிறது. கார்டும் இல்லை, கட்டமும் இல்லை. ஓட்டு வீட்டை இடித்துவிட்டார்கள், அப்பாவும் போய்விட்டார். அந்தச் சின்ன விரல் யாருடையது என்று அவர் கடைசிவரை என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது எனக்குத் தெரியவில்லை.