பாம்பில்லாத நாட்டுக்கு மடு மண்

என் அம்மா றீற்றம்மா எங்கள் கடற்கரை ஊரான பேசாலையில் கருவாடு போட்டு எங்களைப் படிக்கவைத்தவர். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார். நியூசிலாந்துக்கு என்னிடம் வந்தபோது, சந்திப்பவர்களுக்குக் கொடுக்க மடு மாதா கோவில் மண்ணைச் சிறு துணிப்பைகளில் தைத்துக் கொண்டுவந்தார். பாம்புக்கடிக்கு அந்த மண் காவல் என்பது எங்கள் நம்பிக்கை.

மண் பரிசோதனை என் தொழில். கிருமி வருமென்று வெளிநாட்டு மண்ணை நியூசிலாந்துக்குள் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா கொண்டுவருவதுதான் தெரியாது. விமான நிலைய அதிகாரி மண்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

"இந்த நாட்டில பாம்பே இல்லையாம், அம்மா."

"அப்ப மாதா எனக்கு முந்தி வந்திட்டா. எடுத்ததில ஒண்டையாவது அவரை வச்சிருக்கச் சொல்லு."

மூன்றாம் வாரம் அம்மாவுக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில் மெரே என்ற தாதி தினமும் அவரைத் துடைத்துத் தலை வாரிவிட்டாள். அம்மாவின் கை தலையணைக்கு அடியில் எதையோ தேடியது.

"அந்தப் பிள்ளைக்குக் குடுக்க ஒண்டும் இல்லையடா, தம்பி."

அதன்பிறகு அவர் பேசவில்லை.

உடலைப் பேசாலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். நான் திரும்பும் முன், தங்கை டிலோஜினி அலுமாரியில் மிஞ்சியிருந்த ஒரு பையை நீட்டினாள்.

"அந்த நேர்ஸுக்குக் கொண்டுபோங்கோ, அண்ணா."

"விடமாட்டாங்கள்."

அம்மா போட்ட தையலைப் பிரித்து, மண்ணை அவருடைய கல்லறையில் கொட்டினேன். பையைத் தோய்த்தேன். தையல் இடுக்கில் இன்னும் பழுப்பு தெரிந்தது. மறுபடியும் தோய்த்துக் காயவைத்தேன். வெறும் பையைத்தான் மெரேயிடம் கொடுக்கப்போகிறேன். உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும்.