அக்கா கத்தரித்த காட்சி

தனக்கு வாய்த்த அக்கா எதிரிக்குக்கூட வாய்க்கக் கூடாது என்பது தியேட்டரில் படம் ஓட்டிய ஆபரேட்டரின் அன்றாடப் புலம்பல். தியேட்டரை மூடியபோது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு பேசாத காதல் படம். மிகப் பழையது. உலகத்தில் வேறு பிரதியே இல்லை என்கிறார்கள். கப்பலேறிப் போனவன் ஒருவன், அயல்தேசத்தில் கல்யாணமாகாதவன் என்று சொல்லி இன்னொருத்தியை ஏமாற்றுகிறான். சாயம் வெளுத்ததும் ஊர் திரும்பிக் கதவைத் தட்டுகிறான். மனைவி அழுதுகொண்டே திறக்கிறாள்.

அக்கா புருஷன் கதையும் அதேதான். வெளிநாட்டில் சேர்த்துக்கொண்ட குடும்பம் கைகழுவிவிட்டதும், "நான் வரட்டுமா?" என்று ஆபரேட்டரைப் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் அக்காவை நச்சரித்தார். சாப்பிட உட்கார்ந்தால் போதும், "படத்துல அவ திறக்கலையா? உனக்கு மட்டும் என்ன பிடிவாதம்?" என்று ஆரம்பித்துவிடுவார். அக்கா தட்டை நங்கென்று வைப்பாள்.

மறுநாள் படத்தை நகலெடுக்க ஆட்கள் வருவதாக இருந்தது. கடைசி ரீலை ஓட்டிப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கதவு தட்டப்படுகிறது, மனைவி எழுந்திருக்கிறாள், உடனே 'முற்றும்'. ஃபிலிமை வெட்டி ஒட்டிய இடம் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. அவ்வளவு சுத்தமாக ஒட்டத் தெரிந்த இன்னொரு ஆள் அந்த வீட்டில்தான் இருந்தாள். சொல்லிக்கொடுத்த பாவியே அவர்தான்.

"அக்கா! வெட்டின துண்டு எங்க?"

"அடுப்புல போட்டேன்."

"அறிவிருக்கா? பழைய ஃபிலிம், வீடே பத்திக்கிட்டிருக்கும்!"

"ஆமா, குப்புன்னு எரிஞ்சுது. புருவம் பொசுங்கிடுச்சு."

உண்மையாகவே ஒரு புருவத்தைக் காணோம். அவருக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அதனால் எரிச்சல் இன்னும் ஏறியது.

"ஊரே பாக்க வேண்டிய படத்தைப் பாழாக்கிட்டியே!"

"திறக்க மாட்டேன், மாட்டேன்னு எத்தனை தடவை சொன்னேன்? காதுல வாங்கினியாடா? எதுக்கெடுத்தாலும் அவளையே இழுத்தே. இப்பப் பாரு, அவளும் திறக்கல."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மாமாதான். வழக்கமாக ஆபரேட்டர், "நான் அவகிட்ட பேசுறேன் மாமா" என்பார். இன்று போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"என்னக்கா சொல்லட்டும்?"

இத்தனை வருஷத்தில் இதை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. அக்கா கையை நீட்டினாள்.

"இப்பவாவது கேட்டியே. கொடு, நானே சொல்றேன்."