குதிரைகளை மாப்பிள்ளைக்குக் கொடுத்த நாள்

என்னைச் சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் உட்காரவைப்பவருக்குத் தங்கக் காசே தரலாம் என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்ட என்னை மணிக்கணக்கில் தரையில் உட்காரவைத்தது ஒரு கார்டு விளையாட்டு. பெங்களூரில் வேலை பார்த்த சித்தப்பா கிறிஸ்துமஸுக்கு வாங்கி வந்தது. மந்திரவாதிகள், பூதங்கள், கோட்டைக்காரர்கள் என்று அதில் பல கூட்டங்கள். எனக்குக் குதிரை வீரர்களைத் தவிர வேறு யாரும் கண்ணில் படவில்லை. விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் அக்காதான் படித்துச் சொல்லித்தந்தாள்.

குதிரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு கட்டாயம் உண்டு. தங்கள் முறை வரும்போதெல்லாம் ஒரு குதிரையாவது முன்னால் பாய வேண்டும். பாயாமல் நின்றால் வரிசையில் முதலில் உள்ள குதிரை களத்தைவிட்டே ஓடிப்போகும். யோசித்துக்கொண்டு நிற்கவே முடியாது. என் சுபாவம் தெரிந்தே யாரோ செய்ததுபோல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்ததும், மோகனூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். சூரமங்கலத்தில் எங்கள் ரயில்வே குடியிருப்பின் கூடத்தில் அத்தனை பேருக்கு இடமில்லை. பக்கத்து வீட்டு நாற்காலிகளும் வந்துவிட்டன. அப்பா ஒரே பரபரப்பாக இருந்தார். தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. அதற்குமுன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று அறிவித்தாக வேண்டும். அதனால் சரியா வேண்டாமா என்று அக்கா அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக லாரிகள் இருந்தன, ஆளும் லட்சணம். அக்காவுக்கு அவரிடம் காபித் தட்டை நீட்டக் கிடைத்த நேரம்தான் கிடைத்தது. தனியாகப் பேசுவதெல்லாம் எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

தட்டோடு சமையலறைக்குத் திரும்பியவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போயி மாப்பிள்ளைகூட ஒரு ஆட்டம் ஆடுடி. குதிரைய அவருக்குக் குடுத்துரு."

"என் குதிரையவா?"

"ஆமா. நீ கோட்டைய வெச்சுக்க. அவரு எப்படி ஆடறாருன்னு மட்டும் பாத்து வந்து சொல்லு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் குதிரைகளை யார் கையிலும் கொடுத்ததில்லை. ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது மறுக்கத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை நல்ல மனிதர். மடிப்புக் கலையாத பேண்ட்டோடு தயங்காமல் தரையில் உட்கார்ந்தார். விதியைக் கவனமாகக் கேட்டார், இன்னொரு முறையும் சொல்லச் சொன்னார். தன் முறை வந்ததும் ஒரு குதிரையை எடுத்தார். எடுத்தவர் அப்படியே தலையைத் திருப்பி, சோபாவில் இருந்த தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா என் அம்மாவிடம் கரும்பு வெட்ட ஆள் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே, "அவசரப்படாத சாமி, பொறுமையா வெய்யி" என்றார்.

மாப்பிள்ளை குதிரையைத் திரும்ப வைத்துவிட்டார். "இருக்கட்டும் பாப்பா, இந்த வாட்டி நிக்கட்டும்."

ஒரு குதிரை போயிற்று. அடுத்த முறையும் எடுத்தார். "இத வெக்கட்டுங்களாம்மா?"

"அதுக்கென்ன சாமி அவசரம்? அப்பறமா பாத்துக்கலாம்."

இன்னொன்றும் போயிற்று. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முட்டி போட்டேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். "பாய வைங்கண்ணா, எல்லாம் ஓடிப்போயிரும்!" என்று எதிராளிக்காக நானே கெஞ்சினேன். வரப்போகும் மாப்பிள்ளையை அண்ணா என்று கூப்பிட்டதற்காக அம்மா என்னை முறைத்தார். மாப்பிள்ளை சிரித்தாரே தவிர, கார்டை நகர்த்தவில்லை. என் அருமைக் குதிரைகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. என் கோட்டைக்காரர்கள் விரலைக்கூட அசைக்காமல் ஜெயித்தார்கள். மாப்பிள்ளைக்கு அதில் துளியும் வருத்தமில்லை. "நல்லா ஆடற பாப்பா" என்று கன்னத்தைத் தட்டினார்.

பின்கட்டில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினேன். "ஜெயிச்சுட்டேன்க்கா! அவரு ஒரு குதிரையக்கூட நகத்தல!"

"ஏன் நகத்தல?"

"எடுப்பாரு, அவங்கம்மாவப் பாப்பாரு. அவங்க பொறுன்னுவாங்க, இவரு திருப்பி வெச்சுருவாரு."

"ஒரு வாட்டியாவது அவரா நகத்துனாரா?"

"இல்லக்கா."

கழுவிய டம்ளரையே அக்கா மறுபடியும் கழுவினாள்.

அவர்கள் கிளம்பிப்போன பிறகு அப்பா கேட்டபோது, "வேண்டாங்கப்பா" என்றாள். அப்பாவை எதிர்த்து அவள் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இப்படி ஒரு இடம் தேடினாலும் கிடைக்காது என்று அப்பா கத்தினார். பங்குச் சாமியாரிடம் என்ன சொல்வது என்று அம்மா புலம்பினார். எத்தனை கேட்டும் அவள் காரணம் சொல்லவில்லை.

காரணம் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். அவர் தோற்றுப்போனார், அதுவும் என்னிடம். பாவமாக இருந்தது. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் போய் அவருக்காகப் பரிந்து பேசினேன்.

"அவருக்குப் புதுசுதானக்கா. நான் கத்துக்குடுத்தா ஒரு மாசத்துல பழகிடுவாரு."

அன்றைக்கெல்லாம் சிரிக்காத அக்கா சிரித்துவிட்டாள். "அவங்கம்மாவுக்கும் சேத்துல்லடி நீ கத்துக்குடுக்கணும்!"

ஆடியவர் மாப்பிள்ளை. ஒரு கார்டைக்கூடத் தொடாத அந்த அம்மாவுக்கு எதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவேயில்லை.