துடக்கு நாளில் தட்டடவு

கொழும்பு வெள்ளவத்தையில் நான் பரதம் பழகிய ரீச்சர் வீட்டின் கூடத்தில் நடராஜர் நின்றார். அதனால் மாதவிடாய் வந்தவளுக்கு, எங்கள் பேச்சில் துடக்கு வந்தவளுக்கு, அந்தச் சில நாட்கள் பின்பக்கத்துப் பல்கனிதான். அங்கே உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைக் காதால் கேட்டுக்கொள்ளலாம். இது ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

எனக்கு அந்த நாட்களில் உயிர் போய்விடும். ஈரத்துணியைப் பிழிவதுபோல அடிவயிற்றைப் பிழியும். அம்மா பாயை விரித்து, அசையாமல் கிட என்பார். ஒருமுறை காலி வீதி செக் பொயின்டில், அடையாள அட்டையும் கையுமாகச் சுருண்டு விழுந்தேன். சோதிக்க வந்த ஆமிக்காரன் என்னைவிடப் பயந்துபோனான். அன்றே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"உந்தக் குதிப்பாலதான் எல்லாம். அடுத்த முறையும் உப்பிடிக் கிடந்தியெண்டா நானே வந்து ரீச்சரிட்டை நிப்பாட்டச் சொல்லுவன்."

சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபின் பயமில்லாமல் நான் மூச்சு விட்டது அந்த வகுப்பில் மட்டும்தான். அதையும் இழக்க நான் தயாராக இல்லை.

அடுத்த மாதம் வலியை அம்மாவிடம் மறைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பல்கனிச் சுவரில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் கொட்டாஞ்சேனையிலிருந்து வகுப்புக்கு வரும் கத்தோலிக்கப் பெண். அவளுக்கும் அன்று அதே நாள். துடக்கு என்ற சொல்லையே இங்கு வந்துதான் கேள்விப்பட்டவள், ஓரிடத்தில் சும்மா இருக்கவும் தெரியாதவள்.

"எழும்படி. படுத்தா இன்னும் கூடும். எனக்கு ஆடினாத்தான் குறையும்."

"உனக்கென்ன விசரோ?"

அவள் கேட்கவில்லை, கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். உள்ளே ரீச்சரின் தட்டுக்கழி தாளம் போட, வெளியே நாங்கள் அரைமண்டியில் நின்று மெதுவாகத் தட்டடவு, கால்களை மாற்றி மாற்றித் தரையில் தட்டும் அந்த முதல் அடவு, செய்தோம். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு இடுப்பில் சூடு ஏறியது, முதுகு வியர்த்தது, அந்தப் பிழிதல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. முழுதாகப் போகவில்லை. ஆனால் நிமிர்ந்து நிற்க முடிந்தது! எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. மாதாமாதம் என்னைக் கிடத்திப்போட்ட இதே உடம்புக்குள் இப்படி ஒரு கெட்டித்தனமும் இருந்ததா? புதிதாக யாரையோ சந்தித்ததுபோல என் கால்களையே பார்த்துக்கொண்டு ஆடினேன்.

திரும்பியபோது பல்கனி வாசலில் அம்மா நின்றார். நான் மறைத்ததை எப்படியோ கண்டுபிடித்து, சொன்னபடியே வகுப்பை நிறுத்த வந்திருந்தார். எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது.

"நோகேல்லையோ?"

"ஆட ஆடக் குறையுதம்மா."

அம்மா என் முகத்தையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நானும் உன்ர வயசிலயிருந்து சுருண்டுதான் கிடக்கிறன். அசையாதை எண்டுதான் எல்லாரும் சொன்னவை."

மாதாமாதம் அம்மா பாயில் கிடப்பதைக் களைப்பு என்றே நினைத்திருந்தேன்; அவருக்கும் வலிக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

தோளிலிருந்த கைப்பையைக் கழற்றிக் கீழே வைத்தார். சேலைக் கொய்யக மடிப்பைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "காலை எப்பிடி வைக்கிறது?" என்று கேட்டார்.