அப்பாவுக்கு வாசித்துச் சொன்ன படம்

அன்று அந்தப் படம் பார்க்க அப்பா வந்திருந்தார். நான் இருந்தேன். பியானோ வாசிக்க ஒரு பெண்ணும், முன்வரிசையில் மேலங்கியை மடியில் வைத்தபடி நாலைந்து முதியவர்களும் இருந்தார்கள். அம்மாவுக்குச் சுவிஸ் மலையூரான டாவோஸில் ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை, வரவில்லை. வருவதாகச் சொன்ன என் வகுப்பு மாணவர்கள் ஆறு பேரும் வரவில்லை.

அப்பா மலையிலிருந்து இறங்கி வந்ததே அந்த ஆறு பேரையும் பார்க்கத்தான்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை வந்தவன் நான் ஒருவன்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். டாவோஸில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே ஹோட்டலில் சமையலுக்கு வந்தவர். நான் சூரிச் வந்த முதல் கிழமையே போனில் கேட்டார்: "கூட்டாளியள் பிடிச்சிட்டியோ?" ஓம் என்றேன். அடுத்த கிழமை அவர்களோடு சாப்பிட்டதாகச் சொன்னேன். அதற்கடுத்த கிழமை ஃபுட்போல் விளையாடியதாகச் சொன்னேன். உண்மையில் கன்ரீனில் தட்டைத் தூக்கிக்கொண்டு, யாரையோ தேடுவதுபோல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மாடிப்படியில் இருந்து சாப்பிடுவேன்.

"உன்ர ஆக்களை ஒருக்காப் பாக்கோணும். லீவுநாளில வாறன்" என்றார்.

மாணவர் திரைப்படக் குழு செவ்வாய் பின்னேரம் ஒரு பேசாப்படம் காட்ட இருந்தது. என் பயிற்சி வகுப்பிலிருந்த ஆறு பேருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன், டிக்கெட் நானே எடுக்கிறேன் என்றும் சேர்த்து. சரி என்று ஆறு பெருவிரல் படங்கள் வந்தன. பெருவிரல் வாக்கு அல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் அப்பா வருகிறார், நம்ப வேண்டியிருந்தது. அவரோ ஆளுக்கு நாலு ரோல்ஸ் என்று கணக்குப் பார்த்துப் பொரித்து, பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"பிந்தி வருவினம்" என்றேன். விளக்கை அணைத்தார்கள்.

நூறு வயதுப் படம். புதிதாகக் கல்லூரிக்கு வரும் ஒருவன், எல்லோருக்கும் பிடித்தவனாகிவிடப் படாதபாடு படுகிறான். கண்டவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுக்கிறான். கால்பந்து அணியில் இடம் கேட்கிறான். மற்றவர்கள் இடித்துப் பழகுவதற்கு அவனை நிறுத்துகிறார்கள். தானும் அணியில் ஒருவன் என்று எழும்பி எழும்பி நிற்கிறான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"உதென்ன ஃபுட்போலடா, பந்தில காலே படேல்லை!"

"அது அமெரிக்கன் ஃபுட்போல், அப்பா."

"அப்ப ஆளுக்கு அடிக்கிற விளையாட்டெண்டு சொல்லுறதுக்கென்ன!"

முன்வரிசைக் கிழவி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். இடையிடையே எழுத்து அட்டைகள் வந்தன. ஆங்கிலம், கீழே ஜெர்மன். அப்பா ஜெர்மன் கதைப்பார், வாசிப்பதற்குள் அட்டை போய்விடும். அதனால் நான் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு விருந்து. அந்தப் பெடியனில் விருப்பமான பெண் அவனை ஒரு மூலைக்கு அழைத்துப்போய் ஏதோ சொல்கிறாள். எல்லோரும் அவனை வைத்துச் சிரிக்கிறார்கள், அவனுக்கு இங்கே ஒரு நண்பன்கூட இல்லை என்று அட்டையில் வந்தது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையப்பா. வாழ்த்துச் சொல்லுறாள்."

திரையில் அவன் வாய் கோணியது.

"வாழ்த்துச் சொன்னதுக்கோ தம்பி உவன் அழுறான்?"

அப்பா அதன்பிறகு எந்த அட்டைக்கும் என்னிடம் கேட்கவில்லை. கடைசிப் போட்டியில் அவன் வென்றபோது முன்வரிசை கைதட்டியது. அப்பா எங்களுக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த ஆறு கதிரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ராம் தரிப்பில் வைத்துக் கேட்டார். "ஃபுட்போல் விளையாடினதெண்டதும் பொய்யோ?"

"ஓம்."

"சேர்ந்து சாப்பிட்டது?"

"தனியத்தான்."

ஏச்சு விழும் என்று நின்றேன்.

"எனக்குச் செவ்வாயில லீவு" என்றார். "மத்தியானம் எத்தினை மணிக்குச் சாப்பிடுறனி?"

"ரெண்டரை மணித்தியால ரயில், அப்பா. டிக்கெட் அநியாய விலை."

"நான் கேட்டது நேரத்தை."

அந்த அரையாண்டு முடியும்வரை பதினொரு செவ்வாய்க்கிழமைகள் வந்தார். கன்ரீன் மேசையில் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். சுற்றிலும் மற்றவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் ரயிலுக்குப் போய்விடுவார். அரைக்கட்டண அட்டையோடு போக வர ஐம்பத்தெட்டு பிராங்க். மொத்தம் அறுநூற்று முப்பத்தெட்டு.