எருமை இல்லாத வல்லரசு

நனைந்த வைக்கோல் புளிக்கத் தொடங்கும்போது ஒரு மணம் வரும். இந்த நடுவயதிலும், பஸ்ஸில் போகையில் அது மூக்கில் ஏறினால் எனக்கு ஜெர்மனி ஞாபகம் வருகிறது. ஜெர்மனியை நான் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த ஜெர்மனி, வட்டக்கச்சி என்ற எங்கள் குடியேற்ற ஊரில்தான் உருவானது.

கல்யாணமாகி ஒரு வருடம். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, காடு வெட்டி, முதல் நெல்லை விதைத்திருந்தேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தீவுப்பகுதியிலிருந்து வந்த நாங்கள்; அந்தப் பக்கம் வடமராட்சியிலிருந்து வந்தவர்கள். தண்ணீர் ஒன்று, வெயில் ஒன்று, கடிக்கிற நுளம்பும் ஒன்று. சங்கம் மட்டும் இரண்டு, பொங்கலும் இரண்டு. அவர்களுடைய குழம்பில் உறைப்பில்லை என்று நாங்களும், எங்களுடைய பேச்சில் மரியாதையில்லை என்று அவர்களும் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தோம்.

அந்த நிம்மதி எங்கள் சங்கத் தலைவருக்குப் பொறுக்கவில்லை. இளைப்பாறிய சரித்திர வாத்தியார் அவர். உதிரியாகக் கிடந்த சிற்றரசுகளை யுத்தத்தால் ஒரே ஜெர்மனியாக்கிய மீசைக்காரரின் கதையை வரம்பில் நின்றும் சொல்வார், வாய்க்காலில் குளித்துக்கொண்டும் சொல்வார். அவருடைய மீசையும் அந்த ஜெர்மன்காரரின் அளவுதான்.

"கூட்டம் வைச்சு ஒற்றுமை வராது. ஒரு எதிரி வேணும்," என்றார்.

"எதிரிக்கு எங்க போறது, வாத்தியார்?" என்று கேட்டேன். கையெழுத்து வடிவானது என்பதால் நான்தான் செயலாளர்.

"வரும். வந்தா விடக்கூடாது."

வந்தது. காட்டுக்கு அப்பால் பழைய ஊரில் பட்டி வைத்திருந்த ஒரு அம்மாவின் எருமைகள், வேலி பிரிந்த இடத்தால் புகுந்து கதிர் தின்றன. தலைவர் சொல்லச் சொல்ல நான் பிரகடனம் எழுதினேன். 'ஆக்கிரமிப்பு' அவருடையது. 'இரத்தத்தின் கடைசித் துளி' நானாகச் சேர்த்தது. இரு பக்கத்து ஆண்களும் பொல்லுகளோடு திரண்டு ஏழு எருமைகளைச் சிறைப்பிடித்தோம். எதிரிகள் அசைபோட்டுக்கொண்டே வந்தார்கள். அன்றுதான் முதன்முறையாக ஒரே பானையில் பொங்கினோம்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். எருமைகளை அடைத்திருந்த படலையைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தார்; ஏழும் பின்னால் போயின. படலையில் ஒட்டியிருந்த பிரகடனத்தையும் உரித்து மடித்து எடுத்துப்போனார். 'எதிரி பின்வாங்கினார்' என்று தலைவர் எழுதச் சொன்னார்.

அறுவடை முடிந்து, கதிர்க்கட்டுகளைப் போராக, எங்கள் பேச்சில் சூடாக, அடுக்கிய பிறகுதான் ஒருவர் தலையைச் சொறிந்தார்.

"சூடு மிதிக்க எருமை?"

கட்டுகளைக் களத்தில் பரப்பி, மிதிக்க விட்டு நெல்லைப் பிரிக்க, எனக்கு முன்னே குடியேறியவர்களுக்கு வருடாவருடம் வந்தது அந்த அம்மாவின் பட்டிதான். கிட்டத்தில் வேறு பட்டியில்லை. ஜெர்மனிக்காரர் சூடு மிதித்ததாகச் சரித்திரத்தில் இல்லை. ஆகவே தலைவருக்கு இது தோன்றியிருக்கவில்லை.

"வெண்ட நாடு கெஞ்சாது. நாங்களே மிதிப்பம்," என்றார்.

ஒன்றுபட்ட தேசம் களத்தில் இறங்கி மிதித்தது. யாருடைய சூடு முதலில் என்ற கேள்வியில் மத்தியானத்துக்குள் தேசம் இரண்டானது. பின்னேரம் ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்தது.

என் சூடு பள்ளத்தில் இருந்தது; அடி நனைந்துவிட்டது. அடுத்த போகத்துக்கு விதைநெல்லும், வயிற்றுப்பிள்ளையோடிருந்த மனைவிக்குச் சோறும் அதற்குள்தான். காலையில் காடு தாண்டிப் போனேன்.

அந்த அம்மா கூரைக்குள் செருகியிருந்த பிரகடனத்தை எடுத்தார்.

"நீரோ எழுதினது? எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசியும்."

வாசிக்கத் தொடங்கினேன். நான் எழுதிய எதுவும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

"ஆக்கிரமிப்பெண்டா என்ன?"

"பிறத்தியாற்ற நிலத்துக்குள்ள புகுந்து நிக்கிறது, அக்கா."

"உம்மட காணியிருக்கிற இடத்திலதான் என்ர அப்பு பட்டி மேய்ச்சவர். சரி, மிச்சத்தையும் வாசியும்."

கடைசித் துளிவரை வாசித்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை.

"ரெண்டு நாள் வெயில் எறிக்கட்டும். கொண்டாறன். உமக்கு மட்டுமில்ல, எல்லாற்ற சூட்டுக்கும். ஒண்டை மிதிச்சு மற்றதை விட்டா நீங்கள் இன்னும் பிரிஞ்சுபோவியள்."

சொன்னபடி வந்தார். இரு பக்கத்துச் சூடுகளையும் எருமைகள் பேதமில்லாமல் மிதித்தன. என் சூட்டின் அடிக்கட்டுகள் புளித்து முளைவிட்டிருந்தன. மேலே இருந்ததெல்லாம் தப்பியது. தலைவர் தூரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, 'சமாதான உடன்படிக்கை' என்று எழுதச் சொன்னார். பேனையில் மை இல்லை என்றேன்.

பொழுது சாயப் பட்டியைச் சாய்த்துக்கொண்டு போன அந்த அம்மா, வாய்க்கால் கட்டில் நின்று திரும்பினார்.

"தம்பி, அந்த மீசைக்காரரிட்டச் சொல்லும். அடுத்த சண்டையைச் சூடு மிதிச்சு முடியத் தொடங்கட்டாம்."